அழும்வரை காத்திருக்க வேண்டாம்



திருஞானசம்பந்தர், மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் நின்று அழுதார். அம்மை வந்து பாலூட்டினாள் என்கிறது பெரியபுராணம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். பெரியவர்கள் காரியத்துக்கு அது பொருந்தும். பிறந்து பத்து நாளான சிசுவுக்குப் பொருந்தாது. பச்சைக் குழந்தை பசியைக் கடைசியாகத்தான் அழுது சொல்லும்.

அதற்கு முன்பே தூக்கத்தில் நெளியும், வாயைச் சப்பும், கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். பிள்ளை வளர்த்துப் பழகிய நம் ஊர்ப் பாட்டிகள் இதைக் கண்டதுமே, "பிள்ளைக்குப் பசி வந்துருச்சு, எடுத்துப் பால் குடும்மா" என்பார்கள். பாலூட்டும் கலையில் பாதி இந்தக் கண்தான் என்பேன். வீறிட்டு அழவிட்டு அப்புறம் மார்பில் போட்டால் பிள்ளை சரியாகக் கவ்வாது. தாயும் சேர்ந்து அழுவாள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பால், இரவில் கூடாது என்று விதித்தார். 1907இல் அவர் தொடங்கிய சங்கத்தின் வழியே அந்த விதி கடல் கடந்தும் போனது. "டைம் வச்சுக் குடு" என்ற பேச்சு நம் வீடுகளிலும் கேட்கிறது. அதை விட்டுவிடலாம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் வேண்டும். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் இரவில்தான் கூடுதல். ராத்திரிப் பாலை நிறுத்தினால் பகல் பாலும் குறையும்.

பொழுது சாய்ந்தால் சில பிள்ளைகள் அரை மணிக்கொரு தரம் கேட்கும். உடனே யாராவது "பால் பத்தலை" என்பார்கள். மறுநாள் பவுடர் டப்பா வந்துவிடும். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால், இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பினால், பால் பத்துகிறது என்று பொருள்.

தூங்க வைப்பதில் தாலாட்டுக்கு மிஞ்சியது இல்லை. கருவிலேயே கேட்டுப் பழகிய குரல் அது. ராகம் தெரியாதவளும் பாடலாம். ஏணை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். துணி முகத்தை மூடலாம், தாடை மார்பில் மடங்கி மூச்சு முட்டலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் ஆட்டுங்கள். கண் அயர்ந்ததும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவதை அடியோடு விடுங்கள். தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் வரவழைத்தால் பல நேரம் அழுகை அடங்கும். அடங்காமல் அழுதால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரைத் தண்ணீரும் வசம்பும் வேண்டாம்; பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டும் பூண்டும் ஆக்கிப் போடுகிறோம், நல்லது. தூக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பால் குடித்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு உலாத்த அப்பாவாலும் முடியும், தாத்தாவாலும் முடியும். பச்சை உடம்புக்காரி இருக்கும் வீட்டு ஆண்கள் இன்று இரவே அந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.