தோம்பில் ஏறாத வீடுகள்

(மடுல்கெல்லவில் நடைபெற்ற கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் சித்திரத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். சட்டத்தரணிக்குச் சித்திரத்தில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். நான் பேசப் போவதும் ஒரு காணி வழக்கைப் பற்றியே.

ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்ட காலத்தில், எக்காணி எவருக்குரியது என்று எழுதிவைத்த பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 2011ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளிவந்தது. ஆக்கியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன். போரினால் வீடிழந்த தமிழரையும் முஸ்லிம்களையும் தேடிச் சென்று, இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டுமாறு அவர் கேட்டார். அவர்கள் இட்ட கோணற்கோடுகளை அப்படியே நூலில் வைத்தார். அவற்றோடு கட்டிடக் கலைஞர் முறையில் அமைந்த அளவுப்படம், அவர்கள் சொன்ன கதை, தம் கையால் தீட்டிய ஓவியம் ஆகியவற்றையும் சேர்த்தார். அரசாங்கத்தின் ஏடு மறந்ததை அகதியின் விரல் மறக்கவில்லை!

புதுமை ஓவியம் வெறுங்கோடும் கறையுமாக இருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை என்பார் உண்டு. நில அளவையாளரின் வரைபடத்தில் மட்டும் மனிதரும் மாடும் தெரிகின்றனவா? அதுவும் வெறுங்கோடுதான். விளங்கவில்லை என்று எந்த நீதிபதியும் அதைத் தள்ளிவிட்டதில்லை.

அந்த ஓவியர் இங்கே வந்து உங்கள் வீட்டை வரையச் சொல்லியிருந்தால் எதை வரைந்திருப்பீர்கள்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. முன்னே ஓர் இஸ்தோப்பு. பக்கத்துக் காம்பராக்காரர் வரைந்தாலும் அதே படம். அவருக்கு அடுத்தவர் வரைந்தாலும் அதே படம்! வடக்கில் வீடிழந்தவருக்கு இழப்பதற்கு ஓர் உறுதியாவது இருந்தது. அவர் துயரைச் சிறிதாக்க இதைச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டுக்கு, உறுதி என்ற சொல்லையே கேளாதவர் நாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தேயிலை விளம்பரப் படங்களை நினைத்துப் பாருங்கள். பச்சை மலை, வெண்பனி, கூடை சுமந்து சிரிக்கும் பெண். லயம் எங்கே? எதிரே தெரியும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிற்று; மகிழ்கிறோம். மலை ஏறிய பட்டியலில் மனிதன் ஏறவில்லை.

மலையகத்தின் மகள் ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் நுண்கலை பயின்றவர். தேநீர் வடிகட்டி, பயன்படுத்திய தேயிலைப் பை, தேயிலைச் சாயம் ஆகியவற்றைக் கொண்டே அவர் தம் படைப்புகளை ஆக்குகிறார். கொழுந்து கிள்ளும் விரலில் படிந்து, சவர்க்காரத்துக்கும் போகாத கறையை நம் தாய்மார் அறிவர். விளம்பரக்காரன் துடைத்த அக்கறையை இந்தப் பெண் கண்காட்சி மண்டபத்தின் சுவரிலேயே தொங்கவிட்டிருக்கிறார். எனக்கு அதுவே நிலக்காட்சி.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்தது. பெயரே இல்லை, எண்தான்! 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தந்தது. சிலருக்கு ஏழு பேர்ச் காணியில் வீடும் கிடைத்தது. பலர் இன்னும் லயத்திலேயே இருக்கின்றனர். அவர்கள் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கே போகிறது.

சித்திரம் நீதிமன்றத்தில் உறுதியாகாது. அதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் சாட்சி இறந்தபின் வழக்காடிப் பழகியவன் நான். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். பழைய லயங்கள் ஒவ்வொன்றாய் இடிந்து வருகின்றன. அவற்றில் பிறந்த மூத்தோரும் போய்க்கொண்டிருக்கின்றனர்.

ஆகவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பென்சிலும் கொண்டு வருவேன். முதலில் பாட்டிமார் வரையட்டும்; கை நடுங்கினால் நடுங்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து எழுதிக் கொள்ளட்டும்: எந்த லயம், எத்தனையாம் காம்பரா, அதில் யார் பிறந்தார், அவரை எந்த மலையில் புதைத்தோம் என்று.