உயர்தரம் வரை ஒரு பிள்ளை



ஜொகூரில் எந்தத் தமிழ்க் குடும்பத்தை விசாரித்தாலும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு தோட்டம் வந்துவிடும். குளுவாங், சிகாமட், லாபிஸ், கோத்தா திங்கி என ஊர் மாறும். லயமும் பால்மரமும் மாறா. அந்தத் தோட்டத்து மக்கள் கல்விக்குக் கை ஏந்தியவர்கள் மட்டுமல்லர், கொடுத்தவர்களும்கூட. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தாங்கள் ஒருநாளும் நுழையப்போவதில்லை என்று தெரிந்த மலாயாப் பல்கலைக்கழகத்துக்காகப் பால்மரம் வெட்டியவர்கள் அந்த வெள்ளியைக் கொடுத்தார்கள். அங்கே இந்திய இயல் துறை 1956-இல் தொடங்கியது. இன்று பட்டம் பெறும் இளையோரே, உங்கள் தோளில் கிடக்கும் அங்கியில் அந்த ஒரு வெள்ளிக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். அதே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து இன்னொரு கூட்டம் மண்டபம் வழியாகத் தலைமன்னார் போய், கால்நடையாகக் காட்டைக் கடந்து இலங்கையின் மலைக்கு ஏறியது. அவர்கள் அங்கே வந்து 200 ஆண்டு ஆனதை அவர்களின் வழித்தோன்றல்கள் 2023-இல் நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தே போனார்கள். இன்று நான் பேச வந்தது அந்த மலையகத்துப் பிள்ளைகளைப் பற்றி.

இலங்கையில் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன. 1948-இல் மலையக மக்களின் குடியுரிமையும் பறிபோனது. தோட்டத்துப் பள்ளி என்றால் ஒரு நீண்ட கொட்டகை. வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது, நடுவில் ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். ஒரே வாத்தியார் இந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் எழுத்துக் கூட்டச் சொல்வார். அஞ்சாம் வகுப்போடு பல பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். 1970களில்தான் அரசு இந்தப் பள்ளிகளைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டால் போதுமா? பாடம் நடத்த ஆள் வேண்டாமா? வெளியூரிலிருந்து நியமனம் பெற்றவர்கள் குளிருக்கும் தனிமைக்கும் அஞ்சி, இடமாற்றம் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில் சுவீடனின் சீடா நிறுவனம் உதவிக்கு வந்தது. வகுப்பறைகள் எழுந்தன. ஆனால் நான் பெரிதாக மதிப்பது அந்தக் கட்டடங்களை அல்ல. சாதாரண தரத் தேர்வில் தேறிய தோட்டத்து இளைஞர்களே ஆசிரியர்களாக எடுக்கப்பட்டார்கள், வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெற்றார்கள். பிறகு ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலை அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. லயத்தில் பிறந்த பெண் அங்கே படித்துத் தன் தோட்டத்துக்கே டீச்சராகத் திரும்பினாள். அவளுக்கு மலை புதிதில்லை. மழையில் நனைந்து வரும் பிள்ளை ஏன் பிந்தி வருகிறது என்று யாரும் அவளுக்கு விளக்கத் தேவையில்லை. உதவித் திட்டங்கள் முடிந்து வெளிநாட்டவர் போய்விட்டார்கள். அவள் அங்கேயே இருந்தாள்.

ஆகவே, கொடை கொடுக்க நினைக்கிறவர்கள் பையும் கொப்பியும் பங்கிட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடக்கூடாது. கொப்பி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் இப்போது இடறுவது அஞ்சாம் வகுப்பில் அல்ல, பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரத்தில். கணிதமும் விஞ்ஞானமும் உயர்தரம்வரை உள்ள தமிழ்ப் பாடசாலை மலையில் மிகக் குறைவு. அதற்காக ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டும். பஸ் காசு, தங்குமிடம், டியூஷன், இரண்டு ஆண்டுச் சாப்பாடு. பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் அம்மாவுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, குறைந்தால் அரைப்பேர். அந்தக் கூலியில் இந்தச் செலவு எப்படித் தாங்கும்? கெட்டிக்காரப் பிள்ளை கொழும்பில் கடைச் சிப்பந்தியாகப் போவது இப்படித்தான்.

இங்கேயே குறை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரசின் பகுதி உதவி பெறும் நம் தமிழ்ப்பள்ளிகளின் கூரைக்கு நாம்தான் இன்னும் உண்டியல் குலுக்குகிறோம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு வெள்ளி கொடுத்தவர்களும் தங்கள் வீட்டில் எல்லாம் நிறைந்த பிறகா கொடுத்தார்கள்?

உங்களில் நான்கைந்து பேர் சேருங்கள். வேலை கிடைத்த முதல் ஆண்டிலேயே ஒரு பிள்ளையின் உயர்தரப் படிப்பு இரண்டு ஆண்டையும் முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் கொடுக்காததைவிட மோசம். அதனால் இரண்டு ஆண்டுப் பணத்தையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு பள்ளியிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, அதில் அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் இருக்கிறார்கள். எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும். கணக்கு மட்டும் கேளுங்கள். உங்களில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்கள் வாரம் ஒரு மாலை இணையம் வழி பாடமும் எடுக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் மொழி ஒன்றுதானே. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், விழா முடிந்ததும் மண்டப வாசலில் என்னைப் பாருங்கள்.