ஏழைக் குடும்பங்களின் சுயஜீவனமும் நமது சங்கத்தின் கடமையும்

(வலங்கைமானில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

நமது சமூகத்திலுள்ள ஏழைக் குடும்பங்களுக்குச் சங்கம் செய்யத்தக்க சகாயம் யாது என்பதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் சொல்ல வந்ததன் சாரம் இது: பசித்தவனுக்கு இன்று அன்னமிடுவது தருமம், அவன் குடும்பம் வருகிற ஆண்டில் ஒருவரிடமும் கையேந்தாதபடி ஒரு பிடிமானம் ஏற்படுத்திக் கொடுப்பது அதனினும் உயர்ந்த தருமம். விவாகத்திற்குச் சிறு தொகை, பிள்ளைகளுக்குப் புஸ்தகம், உத்ஸவ காலத்தில் அன்னதானம் என்று நாம் செய்துவருபவை முதல் வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகைக்கும் நமது சங்கத்தில் இடம் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

முதலில் வறுமையின் காரணத்தை ஆராய்வோம். குடமுருட்டி பாயும் இப்பிரதேசத்தில் நிலம் விளையாமையால் வறுமை உண்டாகவில்லை. மேட்டூர் அணையில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தால் குறுவை உண்டு. தவறினால் சம்பா ஒன்றே கதி. நிலமில்லாத குடும்பத்திற்கு நடவு நாட்களிலும் களையெடுப்பு நாட்களிலுமே கூலி கிடைக்கிறது. அறுவடைக் கூலியிற் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. தை, மாசி கழிந்தால் மறுபடி ஆற்றில் தண்ணீர் வரும்வரை அடுப்பெரிவது கடனால்தான். அக்கடனுக்கு அடுத்த போகத்துக் கூலி வட்டியாகப் போய்விடுகிறது. ஆகவே அக்குடும்பத்திற்கு வேண்டுவன மூன்று: தனக்கென்று சொந்தமாக நிலமோ தொழிலோ ஒன்று, நியாயமான வட்டிக்குக் கடன், வயலில் வேலையில்லாத மாதங்களுக்கு ஒரு கைத்தொழில். இம்மூன்றில் ஒன்றையும் அளியாத சகாயம் எத்துணை அன்போடு செய்யப்பட்டாலும், வருஷந்தோறும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியதாகவே இருக்கும்.

இவ்வகை முயற்சி நம் ஊருக்கு அந்நியமானதன்று. மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1869ஆம் ஆண்டில் இந்த வலங்கைமானில், செல்வமில்லாத குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் ஹிந்து உயர்தரப் பாடசாலையின் தலைமையாசிரியராக அவர் இருந்த காலத்தில், 1904ஆம் ஆண்டில், திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நகரில் 1844ஆம் ஆண்டில் நெசவாளிகள் முதலிய 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் பங்கு போட்டு, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் ஒரு சிறு கடை வைத்தார்கள். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி அங்கத்தினர்களுக்கே திருப்பிக் கொடுத்தல் என்பவை அவர்களுடைய விதிகள். ஒருவரும் அவர்களுக்குத் தானம் செய்யவில்லை. ஏழைகளும் ஒன்றுகூடினால் முதலாளிகளாகலாம் என்பதை உலகம் அவர்களிடம் கற்றுக்கொண்டது.

நமக்கு அருகில் நடந்ததொன்றை அடுத்துச் சொல்கிறேன். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அக்காலத்துத் தஞ்சை ஜில்லாவின் கீழ்ப்பகுதியிலுள்ள கீழ்வெண்மணியில், கூலித் தகராறு முற்றியதன் விளைவாக, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நிலமுள்ளவர்கள் கூடும் சபைகளில் பேசத் தயங்கும் செய்தி அது. ஆயினும் பேசவேண்டிய செய்தி. அதன்பின் அப்பகுதிக்கு வந்து உழைத்தவர்கள் சர்வோதயத் தொண்டர்களாகிய ஜெகந்நாதன் அவர்களும் அவர்தம் மனைவியார் கிருஷ்ணம்மாள் அவர்களும் ஆவர். ஜெகந்நாதன் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மையாரோ 1926ஆம் ஆண்டில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். இவ்விருவரும் 1981ஆம் ஆண்டில் உழுபவனின் நிலவுரிமை இயக்கத்தை ஆரம்பித்தார்கள். 'லாஃப்டி' என்று அதனை அழைப்பர்.

அவ்வியக்கம் கைக்கொண்ட முறையைக் கவனியுங்கள். மிராசுதாரரையும் நிலமற்றவர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து நியாய விலை பேசினார்கள். பாங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கினார்கள். குடும்பங்கள் கூட்டாகப் பயிரிட்டு, விளைச்சலைக்கொண்டு கடனை அடைத்தன. குடும்பத்திற்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதுவும் பெண்களின் பெயரிலேயே பதிவாயிற்று. வேலையில்லாத மாதங்களுக்கென்று பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை முதலியவற்றில் பயிற்சியும் அளித்தார்கள். சத்தியாக்கிரகத்தாலும் இவ்வாறு விலைக்கு வாங்கியதாலும் 2007ஆம் ஆண்டுவாக்கில் ஏறக்குறைய 13,000 குடும்பங்கள் 13,000 ஏக்கர் நிலத்திற்கு உரிமை பெற்றன. முன்சொன்ன மூன்று தேவைகளும் இங்கே ஒருங்கே நிறைவேறுவதைக் காண்கிறோம். ஜெகந்நாதன் அவர்கள் 2013ஆம் ஆண்டில் காலமானார்கள். கிருஷ்ணம்மாள் அவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

நிலம் வாங்க இயலாத இடத்திலும் வழியுண்டு. மகளிர் சுயஉதவிக் குழுக்களை இங்குள்ள தாய்மார்கள் நன்கறிவார்கள். தமிழ்நாட்டில் இம்முயற்சி 1989ஆம் ஆண்டில் தருமபுரி ஜில்லாவில் தொடங்கிற்று. 1992 முதல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை நாடெங்கும் பாங்கிகளோடு இணைத்துவந்தது. 12 முதல் 20 பேர் வரை கூடிச் சிறுகச் சேமிக்கிறார்கள். தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்குகிறார்கள். ஆறுமாதம் கணக்கு ஒழுங்காயிருந்தால் பாங்கி கடன் தருகிறது. நகையையோ பத்திரத்தையோ ஈடு வைக்க வழியில்லாதவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையே ஈடாக நிற்கிறது.

நிர்வாகத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஜான்ஸன் வறுமையை எதிர்க்க ஒரு சட்டம் செய்தார். அதன்படி ஊர்தோறும் ஏற்பட்ட சமுதாயச் செயல் நிலையங்கள் ஏறக்குறைய 1,000 இன்றும் நடக்கின்றன. அவற்றின் நிர்வாக சபையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஏழைகளின் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்பது விதி. பாதையில் முள் எங்கே கிடக்கிறது என்பதைச் செருப்பில்லாமல் நடப்பவரே அறிவார். ஏழைக்கு என்ன வேண்டும் என்பதை ஏழையைக் கேளாமலே தீர்மானிப்பது நற்பலன் தராது.

இனி, சங்கத்தின்முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, சகாயக் கமிட்டியில் மூன்றில் ஒரு பங்கினர் சகாயம் பெறும் குடும்பங்களிலிருந்து வரவேண்டும். அவர்களிற் பாதிப்பேராவது பெண்களாயிருக்கவேண்டும்.

இரண்டாவது, வருஷ வருமானத்தில் ஒரு பகுதியைச் சுழல் நிதியாக ஒதுக்கவேண்டும். கறவை மாடு, தையல் இயந்திரம், குத்தகைக்கு எடுத்த நிலத்திற்கு விதையும் உரமும் ஆகியவற்றிற்கு அதிலிருந்து வட்டியின்றிக் கடன் கொடுக்கலாம். திரும்பி வரும் தொகை அடுத்த குடும்பத்திற்குச் செல்லும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. ஆகையால் கொடுத்ததும் வந்ததும் இப்பத்திரிகையிலேயே, பெயரில்லாமல், தொகையளவில் பிரசுரமாகவேண்டும்.

மூன்றாவது யோசனை சிலருக்குக் கசக்கலாம். நம்மவர் பலர் சென்னையிலும் வெளிநாடுகளிலும் குடியேறிவிட்டார்கள். அவர்கள் நஞ்சையை விற்க நினைக்கும்போது, மனைத்தரகரிடம் போகுமுன், அந்நிலத்தில் பாடுபடும் குடும்பத்தை, அது எந்த ஜாதியைச் சேர்ந்ததாயினும், முதலில் கேட்கவேண்டும். தவணைக்கும் பாங்கிக் கடனுக்கும் சங்கம் துணைநிற்கலாம். நம் ஜாதிச் சங்கம் பிற ஜாதியாரின் காரியத்தில் ஏன் புகவேண்டும் என்று வினவுவீர்கள். நமது நிலத்தில் முப்பது வருஷம் நாற்று நட்டவளின் கையால்தான் நம் பிள்ளைகள் சோறுண்டு படித்தார்கள் என்பதே அதற்கு விடை.

கொடுத்த கடன் திரும்பி வருமா என்று பொக்கிஷதாரர் கேட்பது நியாயமே. வெள்ளமும் வறட்சியும் உள்ள நாட்டில் சில தவணைகள் தவறத்தான் செய்யும். அதற்கு அவகாசம் கொடுக்கவேண்டும். அன்னதானத்திற்குச் செலவிட்டதைத் திரும்பி வருமா என்று நாம் கேட்டதில்லையே! பங்குனியில் நம் மாரியம்மன் சந்நிதியில் பாடைக்காவடி எடுப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். சுமந்து வருபவர் உறவினர். ஆயினும் சந்நிதியில் எழுந்தபின் அவர் தம் காலாலேயே வீட்டுக்கு நடக்கிறார். அவரை என்றென்றும் சுமந்துகொண்டே இருப்பதை ஒருவரும் பக்தியென்று சொல்லமாட்டார்கள்.

இம்மூன்று யோசனைகளையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானங்களாகக் கொண்டுவரும்படி நிர்வாகஸ்தர்களை வேண்டிக்கொள்கிறேன். ஒரே ஆண்டில் ஐந்து குடும்பங்கள் கந்துவட்டியினின்று விடுபட்டாலும், இச்சங்கம் கூடியதன் பயனை அடைந்ததாகும்.