என் முதலாளி யார்?

(தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாகிய மே 1 அன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்தியில் நாசரேத்து மக்கள் இயேசுவின் போதனையைக் கேட்டு வியக்கிறார்கள். வியந்த கையோடு முகம் சுளிக்கவும் செய்கிறார்கள். இவர் நம் ஊர்த் தச்சரின் பிள்ளைதானே என்பது அவர்களுடைய கேள்வி. ஏளனமாகக் கேட்ட கேள்விதான். ஆனாலும் அதிலிருந்து ஒன்று தெரிகிறது. அந்த ஊரில் யோசேப்பை எல்லாருக்கும் தெரியும். யார் வீட்டுக் கதவை அவர் செய்தார், யாருடைய ஏரைச் செப்பனிட்டார் என்பதுவரை தெரிந்திருக்கும். வேலை செய்தவருக்கும் செய்வித்தவருக்கும் நடுவில் வேறு ஆள் இல்லை.

இன்று விடிவதற்கு முன் உத்திரமேரூர்ச் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் போகும் கம்பெனிப் பேருந்துகளில் நம் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் எங்கே வேலை என்று கேளுங்கள். உலகமே அறிந்த ஒரு பெயரைச் சொல்வார். சம்பளம் யார் போடுகிறார்கள் என்று கேட்டால், நாம் கேள்விப்படாத ஓர் ஏஜென்சியின் பெயர் வரும். வேலைக்குச் சேர்த்துவிட்டவர் யார் என்றால் மூன்றாவதாக ஒரு பெயர், பெரும்பாலும் ஊருக்குள் வேன் வைத்திருக்கும் ஒருவர். சரி, நாளைக்கே வேலை இல்லை என்று நிறுத்திவிட்டால் யாரிடம் போய்க் கேட்பாய் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்காது.

மத்தேயு நற்செய்தி இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உரிமையாளரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். கடைசியில் வந்தவருக்கும் முழுக்கூலி கொடுத்த அவருடைய தாராளத்தைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று அவருடைய நடையை மட்டும் கவனிப்போம். அவருக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். ஆனாலும் ஆள் எடுக்கச் சந்தைவெளிக்குப் போவது அவரேதான். அதுவும் ஒரே நாளில் ஐந்து முறை. முதலில் வந்தவர்களிடம் கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடிக்கிறார். பொழுது சாய்ந்ததும் அன்றைக்கே கொடுக்கச் சொல்கிறார். பிறகு முணுமுணுப்பு எழுகிறது. அப்போது அவர் மேற்பார்வையாளரைப் பேசவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. முணுமுணுத்தவரை நண்பர் என்று அழைத்து, தாமே முகம் கொடுத்துப் பதில் சொல்கிறார். அந்தப் பதில் வேலையாளுக்குப் பிடித்ததா என்பது வேறு விஷயம். கேட்க ஓர் ஆள் இருந்தார்.

அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது, முதலாளியும் தொழிலாளியும் ஒரு குடும்பம் போல இருந்தார்கள் என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பண்ணையாளுக்குத் தன் எஜமானின் முகம் நன்றாகத்தான் தெரியும். ஆனால் வாங்கிய முன்பணத்துக்காக அவனும் அவன் பிள்ளையும் அந்த வாசலை விட்டு நகர முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அதற்குப் பிறகும் 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். முதியவர் ஒருவர் தம்மை மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அது நம் மாவட்டத்தில் நடந்தது. ஆகவே பழையதற்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. அன்று முகம் இருந்தது, கூடவே சங்கிலியும் இருந்தது. இன்று சங்கிலி கழன்றிருக்கிறது, முகமும் மறைந்துவிட்டது.

உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று அதில் எழுதி வைத்தார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உள்ளவர் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போனது. அந்த நிலத்தில் சேற்றில் நின்று நாற்று நட்டவர் பெயர் போகவில்லை.

தொழிலாளர்கள் தங்கள் பெயரும் குடத்துக்குள் வர வேண்டும் என்று கேட்டது பிற்காலத்தில்தான். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ (நம் பெரியவர்கள் சிங்கராயர் என்று சொல்வார்கள்) தமது சுற்றுமடலில், தொழிலாளர் சங்கமாகச் சேர்வது அவர்களுக்கு இயல்பாகவே உள்ள உரிமை என்று எழுதினார். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, திரு.வி.க. அதில் முன்னின்றவர். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14-ஆம் லியோ, தாம் அந்தப் பெயரை ஏற்றதற்கு அந்த 1891 சுற்றுமடலையே காரணமாகச் சொன்னார். அன்று தொழிற்புரட்சி, இன்று செயற்கை நுண்ணறிவு.

நம் பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் தொடங்கியது. கம்பெனி வேலை என்றால் அரசு வேலை மாதிரி என்று நம்பி வீடு கட்டியவர்கள், பெண் கொடுத்தவர்கள் உண்டு. 2014 நவம்பர் 1-ஆம் தேதி அது மூடப்பட்டது. வரித் தகராறும், கம்பெனி கைமாறியதும், சந்தை மாறியதும்தான் காரணம். வேலைநிறுத்தத்தால் அது மூடப்படவில்லை. சங்கம் வைத்தால் கம்பெனி ஓடிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் விடுதியில் சாப்பிட்ட உணவால் நோயுற்றார்கள். தோழியருக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஆளில்லாமல் பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். சாலைக்கு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது நல்ல செய்தி. அடுத்த மாதமே, செப்டம்பர் 9-இல், சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். 37 நாள் போராட்டம். சம்பளம் பற்றியும் பேசினார்கள். ஆனால் முதன்மையாகக் கேட்டது, எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொண்டு எங்களோடு பேசுங்கள் என்பது. 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது. நற்செய்தியின் தோட்டக்காரர் கேட்காமலேயே கொடுத்த முகத்தை இவர்கள் 37 நாள் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

சாப்பாடு கொண்டு வரும் நம் தம்பிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்கு முதலாளி என்பது கைப்பேசியில் ஒரு செயலி. அதனிடம் என்ன முணுமுணுப்பது?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மூன்று வருடத்தில் நான்கு கம்பெனி மாறினான் என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். நிலையில்லாதவன் என்று உறவினர் முன் பேசாதீர்கள். பல நேரம் அவன் மாறவில்லை, மாற்றப்பட்டான். திட்டுவதற்குப் பதிலாக, நியமனக் கடிதம் கொடுத்தார்களா, பி.எஃப். எண் உன் பெயரில் இருக்கிறதா, இ.எஸ்.ஐ. அட்டை வந்ததா என்று கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் அதற்குக் கம்பெனியே பொறுப்பு என்பது 1970-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இருந்தது, இப்போதும் இருக்கிறது. பிள்ளைக்கு இது தெரியாது. ஏஜென்சிக்காரர் சொல்லித் தர மாட்டார்.

இன்னும் ஒரு வார்த்தை, இதைச் சொல்லச் சற்றுத் தயக்கம்தான். முதலாளிகள் எல்லாம் கொரியாவிலும் தைவானிலும் மட்டும் இல்லை. கோவிலில் நமக்குப் பக்கத்து வரிசையிலும் இருக்கிறார்கள். செங்கல் சூளை, கல்குவாரி, அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வேனில் ஆள் ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறீர்கள். வீட்டு வேலைக்கு ஒரு அக்காவை வைத்துக்கொண்டு, லீவு எடுத்தால் சம்பளத்தில் பிடிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நீங்கள் அனுப்பிய பிள்ளைகளின் பெயரை இன்றிரவு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை பேருடைய பெயர் நினைவுக்கு வருகிறது? அவர்களில் யாரை, எந்த மாதம் நிறுத்தினார்கள், கடைசி மாதக் கூலி கைக்கு வந்ததா? வராமல் இருந்தால், அந்தப் பிள்ளையோடு காஞ்சிபுரம் தொழிலாளர் அலுவலகத்துக்கு உங்கள் வேனிலேயே ஒரு நடை போய் வாருங்கள். சேர்த்துவிட்டவர் நீங்கள். அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒரே முகம் உங்களுடையது.