மண்கலமும் மனைவாழ்வும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அரும்பொருள் பற்றிப் பேசும் புலமை நமக்கில்லை. நம் அடுக்களைக்குரிய மண்சட்டியைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இத்திருவனந்தபுரத்தில் மண்பானையின் சிறப்பை அறியாதார் எவருமிலர். ஆண்டுதோறும் கும்ப மாதத்துப் பூர நாளில் ஆற்றுக்கால் அம்மைக்குப் பெண்கள் தெருவெங்கும் செங்கல் அடுப்புக் கூட்டிப் புதுப்பானையில் பொங்கலிடுகின்றனர். 2009-ஆம் ஆண்டு 25 லட்சம் பெண்கள் கூடினர் எனக் கின்னஸ் நூல் பதிவு செய்துள்ளது. அம்மையைக் கண்ணகியென்றே மக்கள் போற்றுகின்றனர். விழா நாட்களில் அவள் வரலாறே தோற்றம் பாட்டாகப் பாடப்பெறுகிறது. பானைகளிலும் பல, தென் தமிழகத்தில் வனையப்பட்டு லாரியேறி வருபவை. ஆகவே இவ்விழாவோடு நமக்கு இருவகை உறவு உண்டு.

ஆனால் மறுநாள் நிகழ்வது என்ன? நம் வீடுகள் பலவற்றில் அப்பானை பரணுக்கு ஏறிவிடுகிறது. அடுப்பில் மீண்டும் அலுமினியம் அமர்கிறது. ஒருநாள் வழிபாட்டுக்கு உரியதென மண்கலத்தை ஒதுக்கிவிடுவது முறைதானா?

நம் முன்னோர் அவ்வாறு ஒதுக்கவில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2014-ஆம் ஆண்டுக்குப் பின் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. இன்று எவர்சில்வர் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டுகிறோம் அன்றோ? அன்று மண்பானையே அத்துணை நெருங்கிய உடைமையாயிருந்தது.

அந்த நெருக்கத்துக்குக் காரணம் உண்டு. குயவர் மண்ணை மிதித்துப் பதமாக்கிச் சக்கரத்தில் வனைகிறார்; உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டி அடியை உருட்டுகிறார்; உலர்த்திச் சூளையில் சுடுகிறார். ஆதலால் ஒரு சட்டி மற்றொன்றைப் போல் அமைவதில்லை. கழுவும்போது அவர் விரல் இழுத்த வரி நம் விரலில் படுகிறது. முகமறியாத ஒருவரின் உழைப்பை நாள்தோறும் தொடுகிறோம். இஃது எளிய இன்பம், ஆயினும் பெரிது.

பயனும் உண்டு. புளியும் குடம்புளியும் உலோகத்தை அரிக்கும். நன்கு சுட்ட மண்ணை அவ்வாறு அரிப்பதில்லை. மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவதால் மீன்குழம்பு மறுநாள் மேலும் சுவைக்கும். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. ஈரக்காற்று மிகுந்த இவ்வூரில் மதுரையளவு குளிராது. ஆயினும் தொண்டைக்கு இதமானதே.

புதுச்சட்டியை ஒருநாள் நீரில் ஊறவைத்துக் கஞ்சித்தண்ணீர் கொதிக்கவிட்டுப் பழக்குக. இளந்தீயில் ஏற்றுக. சூடான சட்டியில் தண்ணீரை ஊற்றற்க. சோப்பை மண் உறிஞ்சும். தேங்காய் நாரே போதும்.

சப்பான் நாட்டில் யனகி சோயெட்சு என்னும் அறிஞர், பெயரறியாக் கைவினைஞர் செய்த அன்றாடப் பொருள்களின் அழகைப் போற்றி, 1936-இல் டோக்கியோவில் ஒரு காட்சிச்சாலையே நிறுவினார். நம் ரயில்வேயிலும் 2004-இல் அமைச்சராயிருந்த லாலு பிரசாத் நிலையங்களில் மண்குவளைத் தேநீரைக் கொணர்ந்தார். நாடெங்கும் அது வேரூன்றவில்லை. ஆணையால் வரும் பழக்கம் ஆணையோடு தேயும். வீட்டில் வளரும் பழக்கமே நிலைக்கும்.

மண்சட்டி உடையுமே என்பர். ஆம், உடையும். ஆதலால்தான் கை கவனம் பழகுகிறது. உடைந்தபின் நாம் மீண்டும் குயவரை நாடுகிறோம். ஆண்டுக்கொரு பானை விற்று அவர் எங்ஙனம் பிழைப்பார்? வாங்குவார் இல்லையெனில் அவர் மக்கள் சக்கரத்தை விட்டு வேறு வேலை தேடுவர். பின்னர் பொங்கலைக்கும் பானை அரிதாகும்.

ஆகவே தாய்மார்களை ஒன்று வேண்டுகிறோம். அடுத்த பொங்கலைக்குப் பானை வாங்கும்போது, அன்றாடக் குழம்புக்கென ஒரு சட்டியும் உடன் வாங்குங்கள். தட்டிப் பார்த்து, கணீரென ஒலிப்பதைத் தெரிந்தெடுங்கள். சொன்ன விலையைக் குறைக்காது கொடுங்கள். சுமந்து வருவது ஆடவர் கடமை. அதனை நாம் ஏற்கிறோம்.