வாழைக்காயும் வயிற்றின் உட்சுவரும்

(ஹைதராபாத் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. ஐம்பது வருஷத்துக்கு முன் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். இன்று இதைப் பேசக் காரணம் என் வயிறுதான். முழங்கால் வலிக்கு யாரையும் கேட்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினேன். மலம் தார் போல் கறுத்துப் போயிற்று. ஆத்தில் சொல்லாமல் மோரில் மஞ்சள்பொடி கலந்து பத்து நாள் குடித்தேன். பதினோராம் நாள் மயங்கி விழுந்தேன். ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. இரைப்பையில் புண், போதாததற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் குடியிருந்தது. அல்சருக்கு இந்தக் கிருமி காரணம் என்று கண்டதற்காகத்தான் ஆஸ்திரேலியர்கள் மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள்: "வாழைக்காய் பண்ணலாமா? வாயுவாச்சே?" பதில் தேடப் போய்த்தான் பல விஷயங்கள் தெரிந்தன.

நம் குடலின் உட்சுவர் ஒரே ஒரு அடுக்கு செல்களால் ஆனது. அதன் மேல் வழவழப்பான சளிப்படலம். அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியா, இந்தப் பக்கம் ரத்தம்.

நம் தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918ல் குன்னூரில் ஒரே அறையில் ஆரம்பித்து, 1958ல் இங்கே வந்தது. அதை ஆரம்பித்த மக்காரிசன், சத்துக் குறைந்த ஆகாரம் தின்ற குரங்குகளின் குடல் கெட்டுப்போவதை அப்போதே கண்டு எழுதினார். சுவரின் பலம் சாப்பாட்டில் இருக்கிறது என்பது அவ்வளவு பழைய சமாசாரம்.

வாழைக்காய்க்கு வருவோம். 1986ல் காசி இந்து பல்கலைக்கழகத்தார், வாழைக்காய்ப் பொடி எலிகளின் இரைப்பைச் சுவருக்கு எதிர்ப்பு சக்தி தருவதாக வெளியிட்டார்கள். அமிலத்தைக் குறைப்பதல்ல, சுவரைத் தேற்றுவதே அதன் வேலை. பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தார் 1999ல் அதிலிருந்து லூகோசயனிடின் என்ற பொருளைப் பிரித்து, ஆஸ்பிரினால் வரும் புண்ணை அது தடுப்பதைக் காட்டினார்கள். இது காயில் உண்டு. நன்றாகப் பழுத்தால் பலன் இல்லை.

கிருமி விஷயத்தில் வேலை செய்வது வாழைக்காயின் நார்ச்சத்து. 2010ல் லிவர்பூலில், ஈ.கோலை பாக்டீரியா குடல் சுவரைக் கடந்து போவதை வாழைக்காய் நாரும் ப்ரோக்கோலி நாரும் வெகுவாகத் தடுத்தன. ஆப்பிள் நார் தடுக்கவில்லை! டின் உணவுகளில் சேர்க்கிற பாலிசார்பேட் 80 என்ற ரசாயனமோ கிருமிக்கு வழிவிட்டது. இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில்தான்.

மனிதர்களிடம்? டாக்காவில் நாள்பட்ட வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட 62 ஆண் குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்து 2001ல் வெளியிட்டார்கள். வேகவைத்த வாழைக்காய் சேர்த்த அரிசிக்கஞ்சி குடித்தவர்களில் நான்காம் நாள் 82 சதவீதம் பேர் குணமானார்கள். வெறும் கஞ்சி குடித்தவர்களில் 23 சதவீதம்தான். சிராத்தச் சமையலில் வாழைக்காயை விடாத நம் பாட்டிமார்கள் இதெல்லாம் தெரிந்தா வைத்தார்கள் என்று கேட்டால், அப்படி நான் சொல்லமாட்டேன்.

என் மஞ்சளுக்கு என்ன ஆயிற்று? கொல்கத்தா விஞ்ஞானிகள் 2009ல் குர்குமின் கொடுத்து எலிகளிடம் பைலோரியை ஒழித்தது உண்மை. நான் எலி இல்லையே! என் கிருமி போனது டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் கோர்ஸை முழுசாக முடித்த பிறகுதான். மறுபரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அந்தப் பத்து நாளை நினைத்தால் மனைவி இன்றும் என்னோடு சண்டை போடுகிறாள், நியாயம்தான். உங்களில் யாருக்காவது மலம் கறுத்துப் போனால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

இப்போது வாரம் இருமுறை மோண்டா மார்க்கெட் வாழைக்காயில் பொடிமாஸ். வாயு கொஞ்சம் உண்டு, பெருங்காயம் பார்த்துக்கொள்கிறது.

வெளியே டிபனுக்கு வாழைக்காய் பஜ்ஜி என்று கேள்வி. எலிகளுக்குக் கொடுத்தது உலர்த்திய பொடி, எண்ணெயில் பொரித்த பஜ்ஜி அல்ல. இருந்தாலும் நான் ஒன்று எடுத்துக்கொள்வேன்.