நடுவர்களுக்குத் தெரியாதது



இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களை அமைப்பாளர்கள் எனக்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலானவை வென்றவர்களைப் பற்றியவை. எந்தப் போட்டியில் யார் பரிசு வாங்கினார், எந்த அக்சலரேட்டரில் சேர்ந்தார், பிறகு எவ்வளவு முதலீடு திரட்டினார் என்பவை. படிக்க உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் தேர்வு எழுதிய எல்லோரையும் விட்டுவிட்டு, தேறியவர்களை மட்டும் கேட்டு ஒரு பள்ளிக்கூடத்தை எடைபோட முடியாது. எனவே தலைமைக்குரிய சலுகையைப் பயன்படுத்தி, பரிசு பெறாதவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்களுக்கான தொழில்திட்டப் போட்டி ஒன்று நெடுங்காலமாக நடந்துவருகிறது. 10,000 டாலர் பரிசோடு தொடங்கியது, 1998இல் 50,000 டாலர் போட்டியாக வளர்ந்திருந்தது. அந்த ஆண்டு கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனி லெவினும் ஒரு குழுவாகக் களமிறங்கினார்கள். ஒரே இணையப் பக்கத்தை லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திறந்தால் சர்வர் திணறும். பக்கத்தின் நகல்களைப் பல ஊர்ச் சர்வர்களில் பரப்பிவைத்து, அருகில் இருப்பதிலிருந்து கொடுத்தால் நெரிசல் தீரும். அதற்கான கணிதம் அவர்கள் கையில் இருந்தது. இறுதிச் சுற்றுவரை வந்தார்கள். பரிசு வேறு குழுவுக்குப் போனது. லெய்ட்டனும் லெவினும் தொடங்கிய நிறுவனம்தான் ஆகமாய். மறு ஆண்டே, 1999இல், அது பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது.

நடுவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அந்தப் போட்டி ஆகமாய்க்கு உதவத்தான் செய்தது. தேற்றமாக இருந்த ஒன்றை, யார் வாங்குவார்கள், என்ன விலை கொடுப்பார்கள் என்று தாளில் எழுதவேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்கியது. பரிசு கிடைக்காமல் போனதால் அந்த வேலை வீணாகவில்லை.

இன்னொரு கதை 2005இல் நடந்தது. பால் கிரகாம், ஜெசிகா லிவிங்ஸ்டன், இன்னும் இரு நண்பர்கள் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஒய் காம்பினேட்டரைத் தொடங்கினார்கள். சிறு தொகை, சிறு பங்கு, மூன்று மாதம், ஒரே நேரத்தில் ஒரு தொகுதி நிறுவனங்கள், முடிவில் முதலீட்டாளர்கள் முன் ஒரு டெமோ டே. இன்று உலகமெங்கும் அக்சலரேட்டர் என்று சொல்லப்படுவதன் அச்சு இதுதான். முதல் தொகுதிக்கு விண்ணப்பித்தவர்களில் ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஓஹானியன் என்ற இரு கல்லூரி நண்பர்கள் இருந்தார்கள். கைபேசிக் குறுஞ்செய்தி வழியாக உணவு ஆர்டர் செய்யலாம் என்பது அவர்கள் கொண்டுபோன யோசனை. ஸ்மார்ட்போன் பரவாத காலம். நிராகரித்துவிட்டார்கள். ஊர் திரும்பும் வழியில் கிரகாமிடமிருந்து அழைப்பு வந்தது: உங்களைப் பிடித்திருக்கிறது, யோசனை வேண்டாம், வேறொன்றை யோசியுங்கள். அப்படிப் பிறந்தது ரெடிட்.

கொண்டுவந்த சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொள்வது நம் ஊர்ப் போட்டிகளில் ஏறக்குறைய நடக்காத காரியம். நம் மதிப்பெண் தாளில் புதுமைக்கு இத்தனை, சந்தைக்கு இத்தனை, விளக்கவுரைக்கு இத்தனை என்று கட்டங்கள் இருக்கும். ரெடிட்டுக்கு நான்காண்டுகளுக்குப் பிறகு ஒய் காம்பினேட்டரில் ஏர்பிஎன்பி சேர்ந்தது ஆளைப் பார்த்து எடுக்கும் இதே வழியில்தான்; அந்நியர் வீட்டில் தங்கும் யோசனை கிரகாமுக்குப் பிடிக்கவில்லை. தேர்தல் காலத்தில் காலை உணவுப் பெட்டிகளை விற்றுக் கடனைச் சமாளித்த நிறுவனர்களின் பிடிவாதம் அவருக்குப் பிடித்திருந்தது. உள்ளே வந்தபின் அவர் கேட்ட கேள்வி ஒன்று இன்றும் பேசப்படுகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே? நியூயார்க்கில். அப்படியானால் நீங்கள் கலிபோர்னியாவில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? நிறுவனர்கள் நியூயார்க் போய் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தளத்தில் இருந்த படங்கள் மங்கலாக இருந்ததைக் கண்டு தாங்களே நல்ல படம் எடுத்துப் போட்டார்கள். வருமானம் ஏறியது. ஒய் காம்பினேட்டர் கொடுத்த 20,000 டாலரில் அந்தக் கேள்வியின் விலை எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி ஆய்வுக்கு வருவோம். நம் துறையில் தங்கத்துக்குச் சமமான தரவு நைஜீரியாவில் கிடைத்தது. 2011இல் அந்நாட்டு அரசு 'யூவின்' என்ற போட்டியை அறிவித்தது. ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். வடிகட்டித் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சில நாள் பயிற்சி. முடிவில் சுமார் 1,200 பேருக்குச் சராசரியாக 50,000 டாலர், தவணைகளாக. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு நேரடியாகப் பரிசு. அடுத்த நிலையில் இருந்தவர்களில் எழுநூற்றுக்கும் மேற்பட்டோரைக் குலுக்கலில் எடுத்தார்கள். அந்தக் குலுக்கல்தான் பொருளியலாளர் டேவிட் மெக்கன்சிக்கு வாய்த்த வரம். பரிசு கிடைத்தவர்களையும், அதே தகுதி இருந்தும் சீட்டு விழாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார். கிடைத்தவர்கள் தொழில் தொடங்கினார்கள், தாக்குப்பிடித்தார்கள், லாபம் கூடியது. பத்துப் பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ வேலை கொடுக்கும் நிறுவனமாக வளரும் வாய்ப்பு 20 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் அதிகமாக உயர்ந்தது.

அதே தரவிலிருந்து இன்னொரு முடிவும் வந்தது, நடுவர் நாற்காலியில் அமர்ந்த நம்மில் பலருக்குக் கசக்கும். தொழில்திட்டங்களுக்கு நடுவர்கள் இட்ட மதிப்பெண்ணுக்கும், மூன்றாண்டு கழித்து அந்தத் தொழில்கள் இருந்த நிலைக்கும் தொடர்பே இல்லை. விற்பனையோடும் இல்லை, லாபத்தோடும் இல்லை. நடுவர் வேண்டாம், கணினி பார்த்துக்கொள்ளும் என்று இயந்திரக் கற்றலை இறக்கினார்கள். அதுவும் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்துவிடவில்லை. செயற்கை நுண்ணறிவால் வெற்றியாளரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றி நாளை மாலை ஓர் அமர்வு இருப்பதாக நிகழ்ச்சி நிரலில் கண்டேன். ஆவலோடு காத்திருக்கிறேன்.

இப்போது சிலி நாட்டுக்குப் போவோம். 2010இல் தொடங்கிய ஸ்டார்ட்-அப் சிலி, பங்கு எதுவும் கேட்காமல் 40,000 டாலர் வரை கொடுத்து வெளிநாட்டவரையும் அழைத்தது. எல்லோருக்கும் பணமும் அமர்ந்து வேலை செய்ய இடமும் கிடைத்தன. அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வழிகாட்டிகளும், மாதந்தோறும் சொன்னதைச் செய்தாயா என்று கேட்கும் கூட்டங்களும் கிடைத்தன. ஹுவானிட்டா கொன்சாலெஸ்-உரீபே, மைக்கேல் லெதர்பீ இருவரும் ஆராய்ந்தபோது, இந்தக் கடைசிப் பிரிவினரிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. பணமும் இடமும் மட்டும் பெற்றவர்களிடம் அதற்குச் சான்று இல்லை.

நைஜீரியாவில் பணம் வேலை செய்தது. சிலியில் பணம் மட்டும் போதவில்லை. இந்த முரணை இந்தக் கருத்தரங்கு மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். என் ஊகத்தைச் சொல்கிறேன். நைஜீரியாவில் போட்டியிட்டவர்களுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. வங்கி கடன் கொடுக்கவில்லை. சிலிக்கு விமானம் ஏறி வந்தவர்களுக்கு வேறு இடத்திலும் பணம் புரட்டும் வழி இருந்தது. எதிரில் அமர்ந்து உண்மையைச் சொல்லும் ஆள்தான் இல்லை.

இது சரியென்றால் தமிழ்நாட்டிலேயே இரண்டு நாடுகளும் இருக்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குகிறவருக்கு இன்னொரு காசோலையைவிட ஒரு கடுமையான கேள்வி பயன்படும். தருமபுரியில் சிறுதானியத்தைப் பதப்படுத்தி விற்கும் பெண்ணுக்குத் தன் வாடிக்கையாளர் யார் என்று நமக்குமேல் தெரியும். அவருக்கு இயந்திரம் வாங்கப் பணம் வேண்டும். அவரை மூன்று மாத மென்டர் வகுப்பில் உட்காரவைத்து 'யூனிட் எகனாமிக்ஸ்' சொல்லிக்கொடுப்பது அவருடைய நேரத்தைத் திருடுவது. மாநில அரசின் டான்சீட் திட்டம் தொடக்க நிதி கொடுத்து 3 விழுக்காடு பங்கு எடுத்துக்கொள்கிறது. இருவருக்கும் அது ஒரே மருந்தாக இருக்க முடியுமா என்பது ஆராயத்தக்கது.

காலத்தைப் பற்றியும் ஒன்று. மூன்று மாதக் கணக்கு மென்பொருளுக்கு வகுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் ஏத்தர் எனர்ஜியைத் தொடங்கி, அதே வளாகத்தின் தொழில் வளர் காப்பகத்தில் வளர்ந்தார்கள். பேட்டரியில் ஆரம்பித்த யோசனை ஸ்கூட்டராக மாறி, வாடிக்கையாளர் கைக்கு வர 2018 ஆனது. இன்று ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது. மூன்றாம் மாத டெமோ டேயில் அவர்கள் எதைக் காட்டியிருக்க முடியும்?

மறுபக்கம், சீக்கிரம் மூடவேண்டியதைச் சீக்கிரம் மூடவைப்பதும் உதவிதான். அக்சலரேட்டர் வழியாக வந்த அமெரிக்க நிறுவனங்கள் மற்றவற்றைவிட விரைவாகவும் குறைந்த பணம் திரட்டிய நிலையிலும் மூடுகின்றன என்று ஆய்வாளர் சாண்டி யூ காட்டியிருக்கிறார். போட்டியில் தாம் கீழ்வரிசையில் இருப்பதை அறிந்தவர்கள் அந்த முயற்சியைக் கைவிடும் வாய்ப்பு கூடுகிறது என்பது இன்னோர் ஆய்வாளர் சப்ரினா ஹவெல் கண்டது. முப்பது வயதில் இரண்டாண்டு மிச்சமாவது சிறிய காரியமில்லை. ஆனால் நம் ஹேக்கத்தான்களில் தோற்ற குழுவுக்கு என்ன கிடைக்கிறது? பங்கேற்புச் சான்றிதழ். எத்தனையாவது இடம், எந்த நடுவர் எதை நம்பவில்லை, ஒரு வரி கிடையாது. பெரிய அட்டைக் காசோலையோடு எடுத்த படம் கல்லூரியின் ஆண்டறிக்கைக்குப் போகிறது. மதிப்பெண் தாள்கள் அதே இரவில் குப்பைக்குப் போகின்றன.

ஆகவே இங்கே கூடியிருக்கும் கல்லூரிகளிடம் கேட்கிறேன். அந்தத் தாள்களை எறியாதீர்கள். விண்ணப்பித்த ஒவ்வொருவரின் பெயரையும் மதிப்பெண்ணையும் அவரவர் ஒப்புதலோடு பாதுகாத்து, மூன்றாண்டு கழித்து அழைத்துப் பேசுங்கள். பரிசுக்கும் பரிசின்மைக்கும் நடுவே நிற்கும் குழுக்களில் குலுக்கல் போட்டுப் பாருங்கள்; சண்டை வரும் என்று தெரியும், நைஜீரியாவில் ஓர் அரசே அதைச் செய்தது. தோற்ற குழு கேட்டால் தன் மதிப்பெண்ணைப் பார்க்கும் உரிமை இருக்கட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஒரு முனைவர் பட்ட மாணவரும் ஒரு தொலைபேசியும் போதும்.

அடுத்த ஆண்டு இதே அவையில் அப்படியொரு கட்டுரை, ஒரே ஒரு மாவட்டத்தைப் பற்றியதாயினும், வாசிக்கப்பட்டால் அதை முதல் அமர்வில் வைக்கும்படி அமைப்புக் குழுவிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் தலைவர் மேடைக்கு வரலாம்.